வியாழக்கிழமை அறையைத் திறந்து விடுங்கள்

நம் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் முதல்வர் அவர்களுக்கும், நிலைய மருத்துவ அலுவலர் அவர்களுக்கும், கை கால் அகற்றும் அறுவைகளைச் செய்கிற மருத்துவர்களுக்கும்:

சென்ற மாதம் இரண்டாவது வியாழக்கிழமை பிற்பகல், இயன்முறை சிகிச்சைப் பிரிவின் கடைசி அறைக்கு வழக்கம்போல் வந்தேன். கதவில் பூட்டு தொங்கியது. பூட்டுக்கு மேல் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. கை, கால் அகற்றப்பட்டோருக்கான வியாழக்கிழமைச் சிறப்புப் பிரிவு மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்றும், செயற்கை உறுப்புக்கு அளவு கொடுப்பவர்கள் மட்டும் புதன்கிழமை வந்தால் போதும் என்றும் அதில் தட்டச்சு செய்திருந்தது. அலுவலகத்தில் விசாரித்தேன். வாரம் பத்துப் பேர்கூட வருவதில்லை, நடத்திக்கொண்டிருந்த இயன்முறை மருத்துவரை வேறு பிரிவுக்கு மாற்றியாகிவிட்டது, பழைய நோயாளிப் பதிவேடுகளை வைக்க இடம் இல்லாததால் அறை தேவைப்பட்டது என்று மூன்று காரணங்கள் சொன்னார்கள். திரும்பி வரும் வழியில், நடைபாதையில், பழுதுபார்க்கக் காத்திருக்கும் சக்கர நாற்காலிகளுக்கு நடுவே, இல்லாத கை கால்களில் வரும் வலிக்கு நாங்கள் பயிற்சி செய்த முகம் பார்க்கும் கண்ணாடி, சுவரைப் பார்த்துச் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டேன்.

அந்தக் கண்ணாடி எதற்கு என்று அதை அங்கே கொண்டுபோய் வைத்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அறையை மூட ஆணையிட்டவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, வயது 61. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இடக்காலின் இரண்டாம் விரலில், மெட்டிக்கு அடியில் புண் வந்தது எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது விரல் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. அவசரப் பிரிவில் ஒரு செவிலியர் சிறிய வெட்டுக்கருவியால் அதை நறுக்கி எடுத்து, கட்டுத்துணியில் பொதிந்து என் கணவர் கையில் கொடுத்தார். அதற்குள் பாதம் கறுக்கத் தொடங்கிவிட்டது. ஒன்பது நாள் வார்டில் கிடந்தேன். அந்த ஒன்பது நாளும் விரலை யாரோ இடுக்கியால் நெரிப்பது போன்ற வலி; மெட்டியை எடுத்த பிறகும் மெட்டி இறுக்கும் வலி. பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை அகற்றினார்கள். உயிரைக் காப்பாற்றிய அறுவை அது. செய்தவர்களிடம் எனக்குக் குறையில்லை.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் இரவு, இல்லாத பாதத்தின் இல்லாத இரண்டாம் விரலை இல்லாத மெட்டி மறுபடியும் இறுக்கத் தொடங்கியது. போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டுப் போட்ட முனையோடு கால் முடிந்திருந்தது. வலியோ அதற்கு ஒரு சாண் கீழே, வெறும் மெத்தையில், துல்லியமாக அந்த ஒரு விரலில் இருந்தது. பிறகு பாதம் முழுவதும் தணலில் வைத்தாற்போல் எரிச்சல் சேர்ந்துகொண்டது. சில இரவுகளில் குதிகாலிலிருந்து மேல்நோக்கி மின்சாரம் பாய்வதுபோல் வெட்டும்.

மறுநாள் சுற்று வந்த மருத்துவரிடம் சொன்னேன். “கால்தான் இல்லையேம்மா, அப்புறம் எப்படி வலிக்கும்? மனசைத் தைரியமா வச்சுக்குங்க” என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதல் என் வாயை நான்கு மாதம் அடைத்துவிட்டது. மனத்தில் கோளாறு என்று எழுதிவிடுவார்களோ என்ற அச்சத்தில், பின்னர் வந்த ஒவ்வொரு முறையும் “வலி இருக்கிறதா” என்ற கேள்விக்கு, தையல் போட்ட இடத்தை மட்டும் நினைத்து, இல்லை என்றே பதில் சொன்னேன். தாங்க முடியாத நாள்களில் புறநோயாளிப் பிரிவில் டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி போட்டு அனுப்பினார்கள். அது இந்த வலியைத் தொடுவதில்லை; சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மருத்துவர் விளக்கம் தராத இடத்தில் வீட்டார் விளக்கம் தருவார்கள். என் மாமியாருக்கு 84 வயது. வெட்டிய காலை என்ன செய்தார்கள் என்று அவர் கேட்டார். மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்புவார்கள் என்று வார்டில் யாரோ சொல்லியிருந்தார்கள். “எரிச்சாங்கல்ல, அதான் எரியுது” என்று அவர் முடிவு செய்துவிட்டார், புதைத்திருந்தால் அடங்கியிருக்குமாம். அவரைக் குறைசொல்ல மாட்டேன். நான் கேட்ட விளக்கங்களிலேயே என் எரிச்சலை உண்மை என்று ஒப்புக்கொண்ட முதல் விளக்கம் அதுதான்.

ஐயா, அம்மையீர், இது புதிய நோயன்று, அரியதுமன்று. உறுப்பு அகற்றப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்த வலி ஏதோ ஒரு காலத்தில் வருகிறது. பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ரோய்ஸ் பாரே இதை எழுதி வைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்த மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் 1871இல் இதற்கு ‘பேண்டம்’ (phantom) என்று ஆவியின் பெயரைச் சூட்டினார். அதைத்தான் நாம் தமிழில் மாய உறுப்பு வலி என்கிறோம். தமிழாசிரியை என்பதால் இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்த ‘மாய’ என்ற சொல் எங்களுக்குத் தீங்கு செய்கிறது. தமிழில் மாயம் என்றால் பொய், வஞ்சனை என்றும் பொருள். இல்லாதது உறுப்புத்தான், வலி இருக்கிறது. இல்லாத காலின் வலி என்று நேராகச் சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது.

வலி எங்கிருந்து வருகிறது என்பதை அந்த வியாழக்கிழமை அறையில்தான் தெரிந்துகொண்டேன். அறுபட்ட நரம்பு சும்மா இருப்பதில்லை. அதன் முனை வளர வழியின்றி முடிச்சாகத் திரண்டு, தூண்டுதல் இல்லாமலே மேலே செய்தி அனுப்புகிறது. தண்டுவடம் அந்தச் செய்தியைப் பெரிதாக்குகிறது. மூளையில் உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இடம் உண்டு. கால் போனாலும் காலுக்கான அந்த இடம் போவதில்லை. பக்கத்து உறுப்புகளின் பகுதிகள் அந்த இடத்துக்குள் பரவுவதால் வலி வருகிறதா, அல்லது பழைய கால் அங்கே அப்படியே பதிந்து கிடப்பதால் வருகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. அறுவைக்கு முன் கடும் வலியோடு கிடந்தவர்களுக்குப் பின்னால் இந்த வலி வரும் வாய்ப்பு அதிகம் என்பதும், பழைய வலி சில சமயம் அதே இடத்தில் அதே வடிவில் திரும்புகிறது என்பதும் முன்பே பதிவானவை. மோதிரத்தின் இறுக்கத்தை, செருப்பின் அழுத்தத்தை இல்லாத உறுப்பில் உணர்ந்தவர்கள் பிற நாடுகளிலும் இருந்திருக்கிறார்கள் என்று இயன்முறை மருத்துவர் சொன்னபோது, என் மெட்டிக்கு உலகத்தில் துணை உண்டு என்று தெரிந்து அன்று அழுதுவிட்டேன்.

அந்த அறைக்கு நான் எப்படி வந்தேன் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். என் டிஸ்சார்ஜ் சீட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. புண் ஆறியது, தையல் பிரித்தாயிற்று, சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்கவும் என்பதோடு சீட்டு முடிந்திருந்தது. மருத்துவமனை வாசலில் உள்ள தேநீர்க் கடையில், கரும்புச் சாறு இயந்திரத்தில் வலக்கையைப் பறிகொடுத்த ஓர் இளைஞர் என் வாக்கரைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கும் போன இடம் வலிக்குமா டீச்சர்?” என்று கேட்டார். ஆறு மாதத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். அவர் கை இன்னும் கரும்பைப் பிடித்துக்கொண்டே இருக்கிறதாம். விட வேண்டும் என்று நினைத்தாலும் விரல்கள் விரிய மறுக்கின்றனவாம். அவர்தான் என்னை வியாழக்கிழமை அழைத்துப் போனார்.

அங்கே இருந்தது ஒரு பழைய பீரோவின் கதவுக் கண்ணாடி. மூன்றடி உயரம், இடது கீழ் மூலையில் ரசம் போனது. கட்டிலில் இரு கால்களையும் நீட்டி உட்கார வைத்து, கண்ணாடியை நெடுக்காக நடுவில் நிறுத்தி, எஞ்சிய இடக்காலை அதன் பின்னால் மறைத்தார் இயன்முறை மருத்துவர். வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து பார்த்தால், இடக்கால் இருக்க வேண்டிய இடத்தில் வலக்காலின் பிம்பம். இரண்டு கால்! விரல்களை மெல்ல மடக்கி நீட்டச் சொன்னார். கண்ணாடிக்குள் இடக்கால் விரல்கள் மடங்கி நீண்டன. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் கால் என் சொல்லைக் கேட்டது.

முதல் இரண்டு வாரம் எரிச்சல் கொஞ்சம் தணிந்ததே தவிர மெட்டி இறுகிக்கொண்டேதான் இருந்தது. மூன்றாம் வாரம் அவர் தயங்கித் தயங்கி, “அந்த வலது மெட்டியைக் கழற்றிப் பார்க்கலாமா அம்மா? கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்காமல் கழற்ற வேண்டும்” என்றார். கட்டிய கணவர் எதிரே நிற்கையில் மெட்டியைக் கழற்று என்று ஒரு பெண்ணிடம் சொல்வது நம் ஊரில் எவ்வளவு பெரிய சொல் என்று உங்களுக்குத் தெரியும். நான் அசையாமல் இருந்தேன். “கழட்டு. நான் இங்கதானே இருக்கேன்” என்றார் என் கணவர். இரண்டு விரலால் பிடித்து மெதுவாகச் சுழற்றினேன். கண்ணாடிக்குள், நறுக்கி எடுத்த மெட்டி விரலின் நுனிக்கு வந்து, கழன்று, வெளியே வந்தது. ஏதோ திருகைத் தளர்த்திவிட்டாற்போல் அந்த விரல் விடுபட்டதை உணர்ந்தேன்.

மந்திரம் நடந்தது என்று சொல்ல வரவில்லை. அன்றிரவே இறுக்கம் திரும்பி வந்தது. ஆனால் பாதியாக வந்தது. நாள்தோறும் கால் மணி நேரம் வீட்டிலும் செய்தேன். பத்துக்கு எட்டு என்று இருந்த வலி இரண்டு மாதத்தில் மூன்றுக்கு இறங்கியது. அதே அறையிலிருந்து எழுதி அனுப்பிய குறிப்பைப் பார்த்து, பொது மருத்துவப் பிரிவில் இரவுக்கு 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் என்ற நரம்பு வலி மருந்தைக் கொடுத்தார்கள், உறக்கம் வந்தது. எஞ்சிய காலைத் துண்டால் தேய்த்துப் பழக்கவும், செயற்கைக் காலைத் தினமும் அணிந்து நடக்கவும் சொன்னதும் உதவியது. கரும்புச் சாறு இளைஞருக்கு விரல் விரிய ஐந்து வாரம் ஆயிற்று. மாட்டுவண்டி ஓட்டிய ஒரு பெரியவருக்குக் கண்ணாடியைப் பார்த்தாலே தலை சுற்றியது. அவருக்கு அது ஒத்துவரவில்லை, மருந்தோடு நிறுத்திக்கொண்டார். எல்லோருக்கும் பலிக்காது என்பதை அந்த அறையே எங்களிடம் மறைக்கவில்லை.

இந்தக் கண்ணாடி முறையை 1990களில் உலகுக்குக் காட்டியவர் நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். நம் மாநிலத்து அரசுக் கல்லூரி மாணவர். அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் கால் இழந்த 22 பேரை வைத்து நடந்து 2007இல் வெளியான சோதனையில், நாளுக்கு 15 நிமிடம் நான்கு வாரம் கண்ணாடி பார்த்துப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடிக்கு முன் அதே பயிற்சியைச் செய்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. சிறிய சோதனைதான். ஆனால் ஒரு பழைய பீரோக் கதவு மட்டுமே செலவான ஒரு சிகிச்சையை நிறுத்துவதற்கு அதைவிடச் சிறிய காரணமல்லவா உங்களிடம் இருக்கிறது.

பத்துப் பேர்கூட வருவதில்லை என்கிறீர்கள். அறுவை அரங்கப் பதிவேட்டைத் திறந்து, சென்ற ஓராண்டில் இங்கே எத்தனை கை கால்கள் அகற்றப்பட்டன என்று எண்ணுங்கள். அவர்களில் எத்தனை பேருடைய டிஸ்சார்ஜ் சீட்டில் வியாழக்கிழமை என்ற சொல் இருக்கிறது என்றும் எண்ணுங்கள். தேநீர்க் கடையில் வாய்மொழியாகப் பரவும் ஒரு பிரிவுக்கு வாரம் ஏழெட்டுப் பேர் வந்ததே அதிகம். எங்களைப்போல் கை கால் இழந்தும் பேருந்தில் ஏறி இறங்க முடியாதவர்கள், மனக்கோளாறு என்பார்களோ என்று வாயைத் திறக்காதவர்கள், எரித்ததால் எரிகிறது என்று நம்பிக் கிடப்பவர்கள் உங்கள் கணக்கில் வரவே இல்லை.

வலியோடு போகிற விஷயமும் இல்லை இது. இல்லாத கால் இருப்பதாகவே உடம்பு நம்புகிறது. ஓர் இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து இடக்காலை ஊன்றினேன். ஊன்றக் கால் இல்லை. நெற்றியில் நான்கு தையல். அதையும் இதே மருத்துவமனையில்தான் போட்டார்கள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். சீட்டில் ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதினார்கள்.

எனவே நான் கேட்பவை இவை. வியாழக்கிழமைப் பிரிவை அடுத்த மாதமே மறுபடி தொடங்குங்கள். அதை நடத்திய இயன்முறை மருத்துவரை வாரத்தில் அந்த ஒரு பிற்பகலுக்காவது திருப்பி அனுப்புங்கள், அல்லது அவரிடம் பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்துங்கள். உறுப்பு அகற்றப்படும் ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சீட்டிலும், அகற்றிய இடத்துக்கு அப்பால் வலி வரலாம், அது உண்மையான வலி, வந்தால் இந்த நாளில் இந்த அறைக்கு வரவும் என்று தமிழில் அச்சிட்டுத் தாருங்கள். ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போதே நோயாளியிடமும் வீட்டாரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் நான்கு மாதம் நான் வாயடைத்துக் கிடந்திருக்க மாட்டேன். அறுவைக்குக் காத்திருக்கும் நாள்களில் வலியை அடக்குவதை மயக்கவியல் மருத்துவர்களின் பொறுப்பில் விடுங்கள். அந்த ஒன்பது நாள் வலிக்கு நான் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

புறநோயாளிப் பிரிவில் எங்களிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கப் பணியுங்கள்: எஞ்சிய காலில் வலிக்கிறதா, இல்லாத காலில் வலிக்கிறதா. செயற்கைக் காலின் குழி சரியாகப் பொருந்தாததும், தட்டினால் ஷாக் அடிக்கும் நரம்பு முடிச்சும் முதல் வகை; அவற்றுக்கு வேறு மருத்துவம். இரண்டாவதற்கு ஊசி போட்டு அனுப்பாமல், நரம்பு வலிக்கான மருந்துகளில் எது பொருந்தும் என்று ஆராய்ந்து கொடுங்கள். மனநல மருத்துவரிடம் அனுப்புவதில் எனக்கு மறுப்பில்லை, கால் போனவளுக்கு அந்தத் துணையும் வேண்டும். வலியைப் பொய்யென்று முடிவு கட்டி அனுப்புவதைத்தான் மறுக்கிறேன்.

வர முடியாதவர்களுக்காக ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அப்படி வருகிறவர்கள் ஒரு கண்ணாடியையும் எடுத்துவர, பயன்படுத்தும் முறையை இங்கே ஒரு நாள் கற்றுக்கொள்ள, மாவட்டச் சுகாதார அலுவலருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். இம்மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும்; முடியாது என்பதே பதிலானாலும் காரணத்தோடு எழுதுங்கள்.

அறையில் அடுக்கியுள்ள பதிவேடுகளை வேறிடத்துக்கு மாற்ற ஆள் இல்லையென்றால் கவலை வேண்டாம். வியாழக்கிழமை வந்துகொண்டிருந்தவர்களின் வீட்டாரிடம் பேசிவிட்டேன். அவர்களே வந்து சுமந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சாவியை மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
இடக்கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்ட, ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்